கப்பலேறும் காற்று

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்வாசல். இரவு ஒன்பது மணி. நாற்பது அடி கண்டெய்னர் ஒன்று கதவைத் திறந்தபடி வாசலோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே நான்கு பேர் அடுக்குகிறார்கள். வெளியே நான்கு பேர் அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கொடுக்கிறார்கள். பெட்டியின் அளவு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். அகலவாக்கில் ஐந்து பெட்டிகளை வைத்தால் இரண்டு மீட்டர் ஆகிறது. கண்டெய்னரின் உள் அகலமோ 2.35 மீட்டர். ஓரத்தில் 35 செ.மீ. மிச்சம் நிற்கிறது. ஆறாவது பெட்டி அதில் நுழையாது.

"இப்படியே போனா ஓரம் பூரா சந்துதானுங்க. மூணைக் குறுக்கே திருப்பு, ஒண்ணை நேரா விடு," என்றார் லோடு மேஸ்திரி. மூன்று பெட்டிகளை நீளவாக்கில் குறுக்கே போட்டு, பக்கத்தில் ஒன்றை நேராக வைத்ததும் சந்து 15 செ.மீ. ஆகச் சுருங்கியது. ஒரு தட்டுக்கு 100 பெட்டி பிடித்த இடத்தில் 110 பிடித்தது. ஆறு தட்டு. அறுபது பெட்டி கூடுதலாக ஏறியது, எந்தச் செலவும் இல்லாமல்.

அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். உயரம் கூடிய நாற்பது அடி கண்டெய்னரின் கொள்ளளவு 76 கன மீட்டர். முதலில் அடுக்கத் தொடங்கிய முறையில் 57.6 கன மீட்டர் சரக்குதான் போயிருக்கும். மேஸ்திரி சொன்னபடி திருப்பியதில் 63.4 ஆனது. அவ்வளவு திறமையோடு அடுக்கிய பிறகும் பன்னிரண்டு கன மீட்டருக்கு மேல் காற்று. அந்தக் காற்றும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் டிரெய்லரில் போய், தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவில் இறங்கும். கப்பல் கம்பெனி வாடகை வாங்குவது ஒரு கண்டெய்னருக்கு. அதில் முக்கால் பங்கு சட்டை இருந்தாலும் முழுக்கச் சட்டை இருந்தாலும் கப்பலில் அது பிடிக்கும் இடம் ஒன்றுதான். எரியும் எண்ணெயில் பெரிய வித்தியாசம் இருக்காது.

உலகம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் கப்பல் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். 2050 வாக்கில் இதை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கு வைத்தது. பச்சை மெத்தனால், அம்மோனியா, காற்றுப் பாய் என்று பெரிய பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் அந்த எரிபொருள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டியது அளக்க ஒரு டேப்பும், பெட்டியின் அளவை மாற்றச் சம்மதிக்கும், சரக்கை வாங்கும் ஒரு பையரும்.

அதே பெட்டியை 58 நீளம், 38 அகலம், 37 உயரம் என்று குறுக்கிப் பாருங்கள். அகலவாக்கில் ஆறு பெட்டி உட்காரும், 228 செ.மீ., கைவிட்டுத் தள்ள இரு பக்கமும் சேர்த்து ஏழு செ.மீ. இடம் இருக்கும். ஆறு தட்டுக்குப் பதில் ஏழு தட்டு ஏறும். நீளவாக்கில் முன்போலவே இருபது வரிசை. மொத்தம் 840 பெட்டி, 68.5 கன மீட்டர். கண்டெய்னரில் 90 சதவீதம் நிறைந்துவிட்டது. மேஸ்திரியின் கைத்திறன் இல்லாமல் சும்மா அடுக்கிய முதல் முறையோடு ஒப்பிட்டால், ஆறு கண்டெய்னரில் போன சரக்கு ஏறக்குறைய ஐந்தில் போய்விடும். பெட்டி சிறிதாவதால் அட்டைச் செலவு கன மீட்டருக்கு ஆறு சதவீதம் போலக் கூடும், ஸ்டிக்கரும் கூடுதலாக ஒட்ட வேண்டும். அதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு கண்டெய்னரின் வாடகை, ஒரு டிரெய்லரின் டீசல், கப்பலில் ஓர் இடம் மிச்சம்.

பிறகு ஏன் எல்லோரும் அறுபதுக்கு நாற்பது கேட்கிறார்கள்? காரணம் பழையது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 கண்டெய்னர்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். லாரியில் போகும் பெட்டி அப்படியே கப்பலுக்கு மாற வேண்டும் என்பது அவர் யோசனை. ஆகவே கண்டெய்னரின் அகலம் அமெரிக்கச் சாலையின் லாரி அகலமான எட்டு அடி. ஐரோப்பாவின் கிடங்குகளோ வேறொரு மரச்சட்டத்தை நம்பி இயங்குகின்றன. 1961-இல் அங்கே ரயில்வேக்கள் ஒப்புக்கொண்ட பேலட் அது, 120 செ.மீ. நீளம், 80 அகலம். அறுபதுக்கு நாற்பது பெட்டி அதன் மேல் ஒரு தட்டுக்கு நான்கு, ஒரு நூல் பிசகாமல் உட்காரும். ஆனால் அந்தப் பேலட் இரண்டை நீளவாக்கில் பக்கம் பக்கமாகக் கண்டெய்னருக்குள் வைக்க முடியாது. 240 செ.மீ. வேண்டும், இருப்பது 235. ஐந்து செ.மீ. பொருந்தாமை, அறுபது ஆண்டுகளாக, கோடிக்கணக்கான கண்டெய்னர்களில்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 58-க்கு 38 பெட்டியும் அந்தப் பேலட்டில் தட்டுக்கு நான்கு உட்காரத்தான் செய்யும், ஓரத்தில் நான்கு செ.மீ. விட்டு. கிடங்கில் பையர் இழப்பது அந்த விளிம்பு மட்டும். கடலில் மிச்சமாவது ஆறில் ஒரு கண்டெய்னர். இதைப் பேசித் தீர்க்க முடியாத விஷயமாக நான் நினைக்கவில்லை. பேசப்படாத விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

சரக்குக்குச் சரக்கு கணக்கு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி கருங்கல்லை இருபது அடி கண்டெய்னரில் ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு இடம் நிறைவதற்குள் எடை வரம்பு வந்துவிடும். அங்கே மேலே கிடக்கும் காலி இடத்துக்கு யாரும் பொறுப்பில்லை. பின்னலாடை அதற்கு நேர் எதிர். பெட்டிக்கு 12 கிலோ என்று வைத்தாலும் 840 பெட்டிக்குப் பத்து டன்தான். அந்தக் கண்டெய்னர் 26 டன் தாங்கும். எடைக்கு முன்னால் இடம் தீர்ந்துபோகிற சரக்கு இது. ஆகவே இங்கே ஒவ்வொரு செ.மீட்டரும் பணம், ஒவ்வொரு செ.மீட்டரும் புகை.

இதைத் தமிழ்நாட்டில் முதலில் புரிந்துகொண்டவர்கள் பொள்ளாச்சிக்காரர்கள் என்பேன். ஒரு காலத்தில் தோப்போரம் மலைபோலக் குவிந்து கிடந்த தென்னைநார்க் கழிவு, உதிரியாக இருந்தால் கப்பலேறியே இருக்காது. காயவைத்து, அழுத்தி, ஐந்தில் ஒரு பங்காக்கி, 5 கிலோ கட்டியாக அடித்தார்கள். இன்று நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் தண்ணீர் ஊற்றினால் அது பழையபடி பொங்கி மண்ணாகிறது. கரூரில் தலையணையும் மெத்தைவிரிப்பும் காற்றை உறிஞ்சிய பையில் தட்டையாகப் போவதும் இதே அறிவுதான்.

சட்டையை அப்படி நசுக்க முடியாது. சுருக்கம் விழும், பையர் ஏற்கமாட்டார். ஆனால் பேக்கிங் டேபிளில் வேறு வழிகள் இருக்கின்றன. பாலிபேக்கைப் பாருங்கள். மடித்த டி-ஷர்ட்டைவிடப் பை இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் அந்த ஓரம் மடங்கிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பையில் காற்றுத் துளை இல்லாவிட்டால் அடுக்கு பஞ்சுபோல எழும்பி நிற்கும். பெட்டியை மூடும் பெண் முழங்கையால் அழுத்திக்கொண்டுதான் டேப் ஒட்டுவார். அப்படி மூடிய பெட்டி மறுநாள் வயிறு புடைத்துவிடும். ஒவ்வொரு பெட்டியும் இரு பக்கமும் ஒரு செ.மீ. புடைத்தால் போதும், ஆறு பெட்டி வரிசையில் ஆறாவது உள்ளே போகாது. ஏழு பிளை அட்டைக்குப் பதில் நல்ல தரமான ஐந்து பிளை அட்டை தாங்கும் என்றால் சுவரின் தடிமனே கொஞ்சம் குறையும். டி-ஷர்ட்டின் மடிப்பை 28-க்கு 36 என்று தீர்மானித்தால் இரண்டு அடுக்கு பக்கம் பக்கமாக 58-க்கு 38 பெட்டியில் கச்சிதமாக உட்காரும். மடிப்பை அட்டைப்பெட்டி தீர்மானிக்க வேண்டும், அட்டைப்பெட்டியைக் கண்டெய்னர் தீர்மானிக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். சட்டை மடிந்த பிறகு பெட்டி, பெட்டி வந்த பிறகு கண்டெய்னர்.

இன்னொரு பெரிய ஓட்டை, நேரம். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, இரண்டு ஸ்டைல் இன்னும் செக்கிங்கில் கிடக்கிறது என்றால், வந்த பெட்டியை வைத்து மூடி சீல் போட்டு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் விமானத்தில் போகும். ஒரு டன் சரக்கைக் கப்பலில் அனுப்புவதைவிட விமானத்தில் அனுப்பினால் வெளியாகும் கார்பன் பல பத்து மடங்கு. செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2023 இறுதியிலிருந்து அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. அந்த நெருக்கடியில் பாதி நிறைந்த கண்டெய்னர்களும் கிளம்பின. சிறு கம்பெனிகளுக்கு முழுக் கண்டெய்னர் சரக்கே சேராது. அவர்கள் தனித்தனியே சரக்கு அனுப்பும் ஃபார்வர்டரைப் பிடித்து அலைவதைவிட, ஒரே நகரத்துக்குப் போகும் நான்கு பேர் சேர்ந்து ஒரு கண்டெய்னரை நிரப்பலாம். ஒரே பையருக்குத் தைக்கும் நால்வர் என்றால் இன்னும் எளிது. அந்தப் பையரே சரக்கை ஒன்றுசேர்க்கச் சொல்லிவிடலாம். பக்கத்துக் கம்பெனிக்கு நம் ஆர்டர் தெரிந்துவிடுமே என்ற பயம் இதற்குத் தடையாக இருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் பெட்டிமேல் ஒட்டிய எண்ணைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியாமல் செய்யவும் வழி இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரியிலிருந்து கப்பல்களின் கார்பனுக்கும் கட்டணம் வசூலிக்கிறது. அந்த ஆண்டின் புகையில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70 சதவீதத்துக்கு, 2026 முதல் முழுவதற்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பயணத்தில் பாதி கணக்கில் சேரும். கப்பல் கம்பெனிகள் அதைக் கண்டெய்னருக்கு இவ்வளவு என்று பில்லில் போட்டுவிடுகின்றன. காற்று ஏற்றிய பன்னிரண்டு கன மீட்டருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

திருப்பூரிலும் கரூரிலும் மெர்ச்சண்டைசர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டரில் சாம்பிள் ஒப்புதல் ஆகும் கட்டத்திலேயே, பெட்டி அளவு என்ற கட்டத்தில் பழைய எண்ணை அப்படியே எழுதாமல் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 235 செ.மீட்டரை உங்கள் பெட்டியின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் பெரிதாக வந்தால், அந்த எண்ணையும் எத்தனை கண்டெய்னர் குறையும் என்பதையும் இரண்டு வரியில் எழுதிப் பையருக்கு மெயில் அனுப்புங்கள். அடுக்கும் மேஸ்திரியையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பெட்டி எங்கே இடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.