மருவா, புற்றா: யார் அறுப்பது?

ராஜபாளையத்தையடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி தேசமெங்கும் போய்ப் பிறர் காயங்களைக் கட்டுகிறதென்றாலும், அவ்வூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் முதுகில் ஆறாமல் கசியும் கறுப்புப் பருவை யாரிடம் காட்டுவதென்று கேட்டால், சட்டென்று விடை சொல்வார் இல்லை. மருதானே என்று சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அப்புவோர் உண்டு. மேல்தோல் வெந்து உதிர, அடியிலிருப்பது வளர்ந்துகொண்டேயிருக்கும்.

பேசல் செல் கார்சினோமா என்னும் சருமப் புற்று பிற அவயவங்களுக்குப் பரவுவது மிக அபூர்வமாயினும், இருக்குமிடத்தைச் சிறுகச் சிறுக அரிப்பது. நம் நிறத்தவர்க்குப் பெரும்பாலும் கறுத்தே தோன்றுவதால் மச்சமென்று ஏமாறுகிறோம். எல்லை தெளிந்த சிறு கட்டியாயின், மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அறுத்தால், 100-க்கு ஏறத்தாழ 95 பேருக்கு மிச்சமின்றி எடுபட்டுவிடும்.

இச்சிறு சிகிச்சையைப் பயிற்சி பெற்ற குடும்ப வைத்தியரே செய்யலாமென்று பிரிட்டனில் 2006-இல் வகுத்து 2010-இல் திருத்திய நெறிமுறை இடமளிக்கிறது. ஆனால் கட்டி கழுத்தெலும்புக்குக் கீழே இருக்கவேண்டும்; அதன் அளவும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கவேண்டும். அந்நியதியை அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்தால் பயன் சொற்பமே. இப்புற்று பெரும்பாலும் மூக்கிலும் கன்னத்திலும் இமையோரத்திலுமல்லவா முளைக்கிறது! முகத்தில் கத்தி வைக்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடமே தகும்.

எனவே, கூலியை இழந்து பஸ் ஏறத் தயங்கும் நோயாளிக்கு உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி வைத்தியர் செய்யக்கூடிய பேருதவி, அறுப்பதைக் காட்டிலும் அடையாளம் காண்பதும், துளித் தசையை பார்மலின் புட்டியிலிட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவதும், முடிவு வந்ததும் ஆளைத் தேடிச் சொல்வதுமேயாகும். 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் அந்தப் புட்டி மதுரைவரை போகவேண்டியதுமில்லை. முதுகிலோ தோளிலோ உள்ள சிறு கட்டியை அவரே அறுக்கட்டும், தடையில்லை. அறுத்த துண்டைக் குப்பையில் எறிபவர் எத்துணைக் கைதேர்ந்தவராயினும் இவ்வேலைக்கு ஆகார் என்பது என் துணிபு.

இச்சலுகை எல்லாப் புற்றுக்கும் பொருந்தாது. வேட்டியை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டிய இடுப்பில் தோன்றுவதென்று பம்பாய் டாக்டர் கனோல்கர் 1945-இல் எழுதிய புற்றும், பழைய தீக்காயத் தழும்பில் எழும் புற்றும் நெறிகட்டிப் பரவக்கூடியவை. உள்ளங்காலில் புதிதாய்க் கறுத்துப் படரும் மெலனோமாவோ இன்னும் கொடிது. அந்தச் சந்தேகம் எழுந்தால், உள்ளூரில் கத்தியைத் தொடாமல் அன்றே சீட்டெழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.