குப்பையில் கொட்டிய கார் பெயிண்ட் மோதிரக் கல் ஆனது!

அழகுக்குள் ஒளிந்திருக்கும் ஈய விஷம்

அமெரிக்காவில் ஒரு மோதிரக் கல் இருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று கோடு கோடாக ஜொலிக்கும். பார்ப்பவருக்கு, "எந்தச் சுரங்கத்துக் கல்?" என்று கேட்கத் தோன்றும்.

சுரங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது கார் தொழிற்சாலையில் சுரண்டிப் போட்ட பெயிண்ட்!

அதன் பெயர் "போர்டைட்". போர்டு கார் கம்பெனியின் பெயரை ஒட்டி வந்த பெயர். "டெட்ராய்ட் அகேட்" என்றும் சொல்வார்கள். அகேட் என்பது வரி வரியாக இருக்கும் ஒரு வகை நிஜக் கல். இதுவோ மனிதன் செய்த கழிவு!

எப்படி உண்டாச்சு?

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட், அமெரிக்காவின் கார் தலைநகர் என்று பெயர் எடுத்த ஊர். அதை அடுத்த ஹைலேண்ட் பார்க்கில் 1913-ம் ஆண்டு ஹென்றி போர்டு ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். கார் நகர்ந்து வரும். ஆட்கள் நின்ற இடத்திலேயே வேலையை முடிப்பார்கள்.

1914 முதல் 1925 வரை அவருடைய "மாடல் டி" கார் கருப்பு நிறம் ஒன்றில்தான் கிடைத்தது. 1920-களில் சீக்கிரம் காயும் பெயிண்ட் வந்தது. அப்புறம் கலர் கலராகக் கார்கள் வரத் தொடங்கின.

பெயிண்டைக் கையால் பீய்ச்சி அடித்தார்கள். கார் மேல் விழுந்தது போக மிச்சம் எங்கே போகும்? காரைத் தாங்கி வரும் இரும்புச் சட்டங்களிலும், தண்டவாளங்களிலும் படியும்.

பெயிண்ட் இறுகுவதற்காகக் காரைச் சூட்டு அறைக்குள் அனுப்புவார்கள். சட்டமும் கூடவே போகும். அதில் படிந்த பெயிண்டும் வெந்து இறுகும். வெளியே வந்தால் அடுத்த கார். அடுத்த கலர். மறுபடியும் சூடு. இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. வருஷக் கணக்கில் நடந்தது.

அடுக்கு ஏற ஏறச் சட்டம் நகர இடைஞ்சல் ஆனது. உடனே பெயர்த்து எடுத்துக் குப்பையில் கொட்டினார்கள். உடைந்த இடத்தில் வானவில் மாதிரி வரிகள்! அதைப் பார்த்த தொழிலாளர்கள் சிலர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கல் அறுக்கத் தெரிந்தவர்கள் அதை அறுத்துப் பார்த்தார்கள். பிறந்தது புதுக் கல்!

கலர் சொல்லும் காலம்

போர்டைட் துண்டைப் பார்த்தே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று அனுபவசாலிகள் ஓரளவு சொல்லி விடுவார்கள். 1940-களின் துண்டுகளில் கருப்பும் பழுப்பும் அதிகம். 1960-களில் பளிச் நிறங்கள். ஜிகினா மாதிரி மின்னும் வரி இருந்தால் அது உலோகத் துகள் கலந்த பெயிண்ட். சில துண்டுகளில் இரண்டு கலருக்கு நடுவே சாம்பல் நிறக் கோடு ஓடும். அது கலர் அடிக்கும் முன் பூசிய முதல் பூச்சு!

அறுப்பது எப்படி?

வைரத்துக்கு மாதிரி இதற்குப் பட்டை போடுவது இல்லை. வைடூரிய மோதிரத்தில் பார்த்திருப்பீர்களே, மேலே குமிழ் மாதிரி வளைந்து, அடியில் தட்டையாக இருக்கும். அதே வடிவம்தான். அப்படித் தேய்த்தால்தான் உள்ளே இருக்கும் வரிகள் வளைந்து வளைந்து படம் காட்டும். ஒரே துண்டில் அறுத்த இரண்டு கல் கூட ஒன்று போல இருக்காது.

முதலில் வைரத் தூள் பதித்த ரம்பத்தில் தண்ணீர் விட்டு வில்லையாக அறுப்பார்கள். பிறகு சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக நைஸான தாளுக்குப் போவார்கள். எல்லாமே தண்ணீரோடுதான். கடைசியில் துணிச் சக்கரத்தில் பாலீஷ்.

நிஜக் கல்லை விட இது மெத்து. அழுத்தித் தேய்த்தால் சூடேறி இளகும். அவசரப்பட்டால் போச்சு! சரியாக வேகாத துண்டு கிடைத்தால் அதை மறுபடி சூடு காட்டி இறுக வைத்த பிறகுதான் கை வைக்க முடியும்.

ஜாக்கிரதை, ஈயம்!

இந்த அழகுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய பெயிண்டில் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாக இருப்பதற்கு ஈயம் கலந்த சாயம் போட்டார்கள். 1978-ம் ஆண்டு அமெரிக்க அரசு ஈயப் பெயிண்டுக்குத் தடை போட்டது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்குத்தான். கார் பெயிண்டுக்கு அந்தத் தடை இல்லை.

காய்ந்த துண்டைத் தேய்த்தால் தூசி பறக்கும். அதை மூச்சில் இழுத்தால் ஈயம் உடம்பில் ஏறும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே கெடும். ஆகவே தண்ணீர் இல்லாமல் தேய்க்கக் கூடாது. முகமூடி கட்டாயம். தேய்த்த சேற்றைக் காய விடக் கூடாது. சமையல் கட்டுப் பக்கமே இந்த வேலை ஆகாது. பாலீஷ் போட்ட கல்லை விரலில் போடலாம். குழந்தை வாயில் வைக்க விடக் கூடாது.

வேலைக்காரன் மூச்சு

சட்டத்தில் படிந்தது கல் ஆனது. காற்றில் மிதந்தது? பெயிண்ட் அடித்தவன் மூச்சில்தான் போனது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பெயிண்டர் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளில் ஒன்றாக 1989-ம் ஆண்டு அறிவித்தது. அதற்குள் இந்தக் கல்லைத் தந்த தலைமுறை அடித்து முடித்து விட்டது.

இனி கிடைக்காது!

பெயிண்டுக்கு மின்சாரம் ஏற்றி அடிக்கும் முறை பரவியதும் கதை மாறியது. பெயிண்ட் துளிகளைக் காரே இழுத்துக் கொள்ளும். சிந்துவது குறைவு. இயந்திரக் கைகளும் வந்து விட்டன. பழைய மாதிரி அடுக்கடுக்காகச் சேர்வது நின்று போனது.

டெட்ராய்ட் நகரமும் தேய்ந்தது. 1950-ல் சுமார் 18½ லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் 2010-ல் இருந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர். 2013-ம் ஆண்டு ஜூலையில் நகராட்சியே மஞ்சள் கடிதாசி நீட்டியது!

சரக்கு குறையக் குறைய கிராக்கி ஏறியது. கூடவே போலியும் புகுந்தது. வீட்டிலேயே பெயிண்டை அடுக்கு அடுக்காக ஊற்றிக் காய வைத்து, "பழைய ஆலைச் சரக்கு" என்று விற்பவர்களும் உண்டு. எந்த ஆலை, எந்தக் காலம், யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால், பர்ஸைத் திறக்காமல் நடையைக் கட்டுவது நல்லது.