நாவலை ஒரே கடைக்குக் கொடுக்கலாமா?

தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் ஒரு காலத்தில் மாத நாவல்தான் துணை. ஸ்டேஷன் கடையில் வாங்கி, சைதாப்பேட்டை வருவதற்குள் பாதி படித்துவிடுவார்கள். இப்போது அதே பெண்கள் பெட்டியில் கதை செல்போனில் ஓடுகிறது. எழுதுகிறவர்களும் மாறிவிட்டார்கள். வீட்டு வேலை முடித்து, போனிலேயே அத்தியாயம் தட்டி, பதிப்பாளர் வாசலை மிதிக்காமலே நாவல் வெளியிடுகிறார்கள்.

அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு வழி திறந்தது 2016 டிசம்பரில். 2018-ல் 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் சேர்ந்தது. அதில் பரிசு பெற்ற சென் பாலனின் நாவல், 'பரங்கிமலை இரயில் நிலையம்'. தாம்பரம் லைன்காரர்கள் தினமும் கடக்கும் ஸ்டேஷன்! போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நூலை 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதாவது, 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட, கிடைக்கக் கூடாது.

சேலையூரில் ஒருவர் 100 ரூபாய் விலையில் நாவல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கும் பிரதிக்குச் சாதாரணமாக அவருக்கு 35 சதவிகிதம். செலக்டில் சேர்ந்தால் 70 சதவிகிதம் வரை கேட்கலாம். அதில் ஃபைல் அளவுக்கேற்ப கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். மிகக் குறைந்த விலை வைத்தால் இந்த 70 கிடையாது. 'கிண்டில் அன்லிமிடெட்' சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் உண்டு. பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான், அதுவும் மாதாமாதம் மாறும். ஒரே வாசகி இரண்டாம் முறை படித்தால் அது கணக்கில் வராது.

இனி அவர் வாசகிகளின் பக்கம். தமிழில் பல நாவல்கள் முதலில் எழுத்தாளரின் தளத்திலோ பிரதிலிபியிலோ தொடராக வருகின்றன. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கமென்ட் போட்டு, 'அடுத்த எபி எப்போ சிஸ்?' என்று கேட்டு வளர்த்தவர்கள் அவர்கள். கதை முடிந்ததும், 'லிங்க் ஞாயிறு வரைதான்' என்று அறிவிப்பு வரும். பிறகு கதை கிண்டிலுக்குப் போய்விடும். வெளியே பத்து சதவிகிதம் மட்டும் மாதிரிக்கு வைக்கலாம். அந்த வாரம் ஊருக்குப் போனவருக்கு கிளைமாக்ஸ் கிடைக்காது. வருத்தம்தான். ஆனால் ஆறு மாதம் இலவசமாக எழுதியவர் நாலு காசு பார்க்க நினைப்பதில் என்ன தப்பு?

இதற்கு நேரெதிர், 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம், நண்பருக்கும் அனுப்பலாம். அங்கே கொடுத்த நூலைப் பிறகு செலக்டில் சேர்க்க முடியாது. ஊரெல்லாம் பரவிய பிரதியைத் திரும்ப வாங்க முடியாதே! இரண்டில் எது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. குரோம்பேட்டை வாடகை நூலகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது 90-வது நாளில். ஒப்பந்தம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முன்பே அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் 90 நாள் முடியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் ஆசையில் வேறு தளத்தில் ஏற்றினால் விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். எழுதிய பத்து நாவலும் அந்த ஒரே கணக்கில் இருந்தால்?

கையெழுத்துப் பிரதியைத் தனியே மெயிலிலோ பென்டிரைவிலோ சேமித்துவிட்டு, முதலில் ஒரே ஒரு நாவலை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். சேர்த்த அன்றே காலண்டரில் 85-வது நாளை வட்டமிட்டு வையுங்கள்.