துளைக்குள் ஓடும் தண்ணீர்

கருங்கல்லில் ஜாக்ஹாமர் பிடிக்கும் இடத்தில் வெண்புகை மாதிரி எழுகிறதே, அது கல்லின் மாவு. அதில் கண்ணுக்கே தெரியாத குவார்ட்ஸ் தூள் கலந்திருக்கிறது. மூச்சோடு போனால் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடும். தங்கிய இடமெல்லாம் தழும்பு. இதுதான் சிலிக்கோசிஸ் என்ற நோய். வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்கலாம், அதற்குத்தான் துளைக்குள் தண்ணீர் விடுகிறோம்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா பூமிக்கடியில் டிரில் பிடித்தவர். சுரங்கப்பாதை வேலைக்கு நான் கிளம்பியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி நின்னுச்சுன்னா மிஷினை நிறுத்திடுடா. மேஸ்திரி கத்தினா கத்தட்டும்."

தூசியை அடக்க மட்டும்தான் தண்ணீர் என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லை உடைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜாக்ஹாமர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 அடி அடிக்கும். அடிக்கு அடி அதன் துளையிடும் கம்பி கொஞ்சம் திரும்பும், நுனியிலுள்ள டங்ஸ்டன் கார்பைடு கல்லை நொறுக்கும். நொறுங்கிய மாவு அடியிலேயே கிடந்தால் அடுத்த அடி கல்லில் விழாது. மெத்தைமேல் குத்துகிற கதைதான். நுனியும் சூடேறி மழுங்கும். கம்பியின் நடுத்துளை வழியே அழுத்தத்தோடு வரும் தண்ணீர் அந்த மாவைச் சேறாக்கி வெளியே தள்ளும். ஒவ்வொரு அடியும் புதுக் கல்லில் விழும். இதில் ஒரு கவனம் வேண்டும்: தண்ணீரின் அழுத்தம் இயந்திரத்தை ஓட்டும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். மிஞ்சினால் தண்ணீர் இயந்திரத்துக்குள் ஏறி எண்ணெயைக் கழுவிவிடும்.

கம்பியின் நடுவே தண்ணீர் விடும் இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜான் ஜார்ஜ் லெய்னர். 1890களின் பிற்பகுதியில் அவர் செய்த டிரில், நடுத்துளை வழியே வெறும் காற்றை ஊதியது. துளை வேகமாக இறங்கியது. தூசி முழுதும் டிரில் பிடித்தவர் முகத்தில் அடித்தது. சுரங்கத் தொழிலாளிகள் அதைத் தொட மறுத்தார்கள். அதன் பிறகே லெய்னர் காற்றோடு தண்ணீரையும் சேர்த்தார். அந்த மறுப்புக்கு, பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிகளுக்கு, நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

1970களில் தண்ணீரின் பங்கு இன்னும் ஒரு படி ஏறியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் கடினமான குவார்ட்சைட்டைச் சீவும் உளியின் நுனிக்கருகே, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு அழுத்தத்தில் மெல்லிய நீர்த்தாரையைப் பாய்ச்சிப் பார்த்தார் மைக்கேல் ஹூட் என்ற ஆய்வாளர். உளி நொறுக்கிய தூளைத் தாரை அப்போதைக்கப்போதே அகற்றியது, நுனியையும் குளிர்வித்தது. உளிக்கு வேண்டிய விசை வெகுவாகக் குறைந்தது.

நம் ஊர்க் கல்குவாரிகளில் டிராக்டர் கம்ப்ரசரை ஓட்டி உலர்வாகவே துளை போடுவதை இன்னும் பார்க்கிறேன். கேட்டால், தண்ணீருக்கு எங்கே போவது என்கிறார்கள். தண்ணீர் கிடைக்காத இடத்துக்கென்று, துளை வாயிலேயே தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. குவாரி வேலைக்குப் போகும் தம்பிகளே, முதல் நாளே கேளுங்கள்: கம்பி வழியே வருவது தண்ணீரா, வெறும் காற்றா? காற்று என்றால், தூசி பிடிக்கும் கருவி எங்கே?