கொல்லனும் குத்துவாளும்

ராஜேந்திர சோழனின் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் ஜில்லாவில் இருக்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டை பெரம்பலூர் ஜில்லாவில் இருக்கிறது. இவற்றைக் கண்டு நம்மவர் பெருமிதம் கொள்ளுகின்றனர். ஆனால் அக்காலத்து வீரர்களுக்கு வாளும் கட்டாரியும் அடித்துக் கொடுத்த கொல்லனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாரில்லை. அவனுடைய வித்தை இன்னும் அடியோடு மாண்டுவிடவில்லை. கவனிப்பாரின்றி மாளும் தறுவாயில் இருக்கிறது.

தென்னாட்டு உருக்கு ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. சேலம் பக்கத்தில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, மண் மூசையிலிட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினார்கள். மைக்கேல் பாரடே போன்ற மகா விஞ்ஞானியே 1819-இல் லண்டனில் இந்திய உருக்கை ஆராய்ந்தார் என்றால், அதன் சிறப்பை வேறு எவ்விதம் சொல்லவேண்டும்?

அந்த வித்தைக்கு நேர்ந்த கதி என்ன? 1855-இல் தஞ்சை சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். ராஜ்ய உரிமை பறிபோயிற்று. 1860-களில் அரண்மனை ஆயுதசாலையும் கலைக்கப்பட்டது. சிறந்தவை சில சென்னை மியூசியத்தை அடைந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலை போயின! 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டமோ, வெள்ளையருக்கு விலக்களித்து, இந்தியனை மட்டும் லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்தது.

ஆயுதம் பழைய இரும்பாயிற்று. பழைய இரும்பை மீண்டும் ஆயுதமாக்க வல்லவன் நம் கொல்லன். இது இழிவன்று. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள்களின் அலகுகளே வெட்டிப் பொருத்தப்பட்டுள்ளன. கிடைத்ததைக் கொண்டு உயர்ந்ததைச் செய்வது நம் முன்னோர் வழக்கம்.

இன்று அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு ஓய்வில்லை. லாரியின் அடியில் பாரம் தாங்கித் தேய்ந்த வில்பட்டை நல்ல உருக்கு. அதைக் கரி உலையில் பழுக்கக் காய்ச்சிப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் குத்துவாளின் அலகு உருப்பெறும். அதன் பிறகே உண்மையான வித்தை. செக்கச் சிவந்த அலகைத் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கவுங்கூடும். ஆகவே மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் படரும் தருணத்தில் எடுக்கவேண்டும். ஒரு கணம் தப்பினால் அத்தனை உழைப்பும் வீண். இத்தருணத்தை அளப்பது கொல்லனின் கண் ஒன்றே.

பிடிக்குப் பெரம்பலூர் ஜில்லாவில் அரும்பாவூர் இருக்கிறது. அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி செதுக்கி ஒதுக்கிய வாகைத் துண்டு ஒன்று போதும். அதைக் குடைந்து, உருக்கிய அரக்கை ஊற்றி, அலகின் வாலைச் செருகினால் பிடி இறுகிவிடும். உடைந்த பித்தளைப் பாத்திரத்தின் தகடு அதற்குப் பூணாகும்.

“மகாத்மா பிறந்த தேசத்தில் குத்துவாள் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. யாரும் மடியில் கத்தி கட்டிக்கொண்டு திரியவேண்டும் என்பது நமது கட்சியன்று. 1959-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் விதிகளும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய கருவிகளுக்கு விலக்களித்து, போர்க் கருவிகளைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. அது சரியே. ஆனால் குத்துவாளைத் தோய்க்கும் அதே கைதான் அரிவாளையும் களைக்கொத்தையும் உளியையும் தோய்க்கிறது. அந்தக் கை ஓய்ந்தால் குடியானவனுக்கும் தச்சனுக்கும் நஷ்டம்.

ஆகையால் நாம் கோருவன மூன்று. சர்க்கார் தொழிற் பயிற்சிப் பள்ளிகளில் கிராமக் கொல்லரை ஆசிரியராக அமர்த்தவேண்டும். மியூசியங்கள் பழைய கட்டாரிகளைக் கொல்லர் நேரில் ஆராய இடங்கொடுத்து, மாதிரிகள் செய்யும் வேலையைச் சட்டப்படி அனுமதி பெற்று அவர்களிடமே ஒப்படைக்கவேண்டும். பொது ஊழியர்கள் தங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு கருவியேனும் வாங்கவேண்டும்; பேரம் பேசாமல் வாங்கவேண்டும்.

தஞ்சை ஆயுதசாலையை உடைத்தவர்கள் அந்நியர். கொல்லன் உலை அணைந்தால் அந்தப் பழி யாரைச் சாரும்? சுதந்திர தேசத்தார் நாம் இதற்கு விடை சொல்லியாகவேண்டும்.