ரிமோட் கார் பந்தயமா? முதலில் பேட்டரி செட்டிங்!

சென்ற மாதப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிய என் 1/10 அளவு எலக்ட்ரிக் கார், கடைசிச் சுற்றில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் லித்தியம் பாலிமர் பேட்டரி வீங்கியிருந்தது!

தவறு என்னுடையதுதான். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் பேட்டரி வகையை நிக்கல் என்றே விட்டிருந்தேன். லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. செட்டிங்கை லிப்போ என்று மாற்றியிருந்தால், கருவியே முன்கூட்டி மோட்டாரை நிறுத்தியிருக்கும். பந்தயம் போயிருக்கும், பேட்டரி பிழைத்திருக்கும்.

உங்கள் லேப்டாப்பில் இந்தக் காவலை பேட்டரிக்குள் உள்ள சர்க்யூட்டே செய்கிறது. காரில் செட்டிங்கைச் சரிபார்ப்பது நம் வேலை. வீங்கிய பேட்டரியை மட்டும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், தீப்பிடிக்கலாம்.