மிதக்கும் குதிரைக்கு முதலில் சமநிலை

வீணையில் மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறுகிறது. கமகத்தின் பெரும்பகுதி அந்த இழுப்பில்தான் இருக்கிறது. ஒரு கம்பி இழுபடும்போது மற்றவை சுருதி பிசகுவதில்லை. ஓரத்தில் ஓடும் மூன்று தாளக் கம்பிகளும் அப்படியே நிற்கும். குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரை அசையாது என்பதே காரணம். அதே இழுப்பை, மிதக்கும் ட்ரெமோலோ குதிரை பொருத்திய எலெக்ட்ரிக் கிட்டாரில் செய்துபாருங்கள். இழுத்த கம்பி ஏறும். மற்ற ஐந்தும் சுருதி இறங்கும்.

இந்தப் பிசகைப் புரிந்துகொள்ளும் வழி கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது; அம்மாவட்டத்துக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் உறவு பழையது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் பேர் போனது. சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1931-ல் தமிழ்ப் பேராசிரியராகச் சேர்ந்தார் இலங்கைக் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர். அறிவியல் பட்டதாரியான அவர், பழந்தமிழரின் யாழைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து, 1947-ல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். தந்தியைக் காதாலும் கணக்காலும் அறிய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கிட்டாருக்கும் அதே வழி பொருந்தும்.

ட்ரெமோலோ குதிரையை உலகெங்கும் பரப்பியது 1954-ல் வந்த லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். இதில் கம்பிகள் ஓர் உலோகத் தகட்டைத் தாண்டி, அதன் அடியில் தொங்கும் உலோகக் கட்டைக்குள் நுழைந்து நிற்கின்றன. கட்டையின் மறுபக்கத்தை, கிட்டாரின் முதுகுப்பள்ளத்தில் உள்ள ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கின்றன. கம்பிகள் ஒருபுறம், ஸ்பிரிங்குகள் மறுபுறம் என்று தகடு தராசு முள்போல் நடுவில் நிற்கிறது. கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இந்தத் தராசில் எடை சிறியதல்ல. மெல்லிய 9-42 அளவுக் கம்பித் தொகுதியின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 38 கிலோ; அதைவிடத் தடித்த 10-46 போட்டால் 47 கிலோவை நெருங்கும். கம்பிகள் சுழல் அச்சுக்குச் சற்று மேலே இழுக்கின்றன. ஸ்பிரிங்குகளோ சில சென்டிமீட்டர் கீழே, நெம்புகோலின் நீண்ட முனையில் இழுக்கின்றன. அதனால்தான் மூன்றே ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் ஈடுகொடுக்கின்றன. தடித்த கம்பிகளுக்கு மாறியதும் தகடு தூக்கிக்கொண்டு நிற்பதும் இந்தத் தராசு குலைவதால்தான்.

திரும்பி வரும்போது சிறு பிசகு இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை 1 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் அரை சதவீதம் குறையும். 220 ஹெர்ட்ஸ் கம்பி 219-க்கு அருகில் வந்து நிற்கும். தம்பூராவோடு சேர்த்து மீட்டினால் விநாடிக்கு ஒரு முறை ‘வவ்... வவ்...’ என்று அலையும்.

குதிரையை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் கனமான எஃகுக் கட்டையை வாங்கித்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் முதுகு மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஆறு கம்பிகளையும் மறுபடி சுருதி சேர்த்து, குதிரைத் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள்.

இரண்டாவது, உராய்வு. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளங்களில் கம்பி சிக்கினால் எந்த விலையுயர்ந்த குதிரையும் சுருதிக்குத் திரும்பாது. பென்சிலின் கிராஃபைட்டை அந்தப் பள்ளங்களில் தேய்த்தாலே வித்தியாசம் தெரியும். மூன்றாவது, சுழலும் முனை. இரண்டு தூண்களில் நிற்கும் வகையில், தகட்டின் கூர்விளிம்பு மழுங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் உட்காரும். கம்பிகள் முறுக்காக இருக்கும்போது அந்தத் தூண்களைத் திருகவே கூடாது, விளிம்பு அரைபட்டுவிடும்.

இவ்வளவும் சரியான பிறகு புதுக் குதிரை வாங்கலாம். ஆறு திருகுகளில் நிற்கும் வகையென்றால் முதல் திருகுக்கும் கடைசித் திருகுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்: பழைய அமெரிக்க அளவு 56 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 52.5. உடலின் தடிமனையும் பாருங்கள். மெல்லிய உடலில் முழு நீளக் கட்டையை மாட்டினால் அது முதுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீசும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பின் குளோரைடு, எஃகின் காப்புப் படலத்தைக் குலைத்துத் துருவை விரைவுபடுத்தும். விரல் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் கம்பிகளையும் குதிரையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சுழலும் முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். குதிரையின் சிறு பாகங்களை மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகைக் கேட்டு வாங்குங்கள்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமையானது. சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் பிரசன்னா போன்றோர் எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகத்தை முழுமையாகக் கொண்டுவர முடியும் என்று நிரூபித்தவர்கள். ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு, அதாவது 9-க்கு 8 என்ற விகிதத்தில், கம்பியை இழுத்து ஏற்ற வேண்டுமானால் 64 பங்காக இருந்த இழுவிசை 81 பங்காக வேண்டும். மிதக்கும் குதிரை இந்தக் கூடுதல் இழுப்புக்கு முன்னால் சாய்ந்துகொடுக்கிறது. விரல் அதிகம் தள்ள வேண்டியிருக்கிறது, சுருதிக் கம்பியும் பிசகுகிறது. கர்நாடக இசை வாசிப்பவர்கள் ஸ்பிரிங்குகளைக் கூட்டி, கொக்கித் திருகுகளை முறுக்கி, தகட்டை உடலோடு படிய வைத்துவிடுவது நல்லது. கைப்பிடியால் சுரத்தை இறக்க அப்போதும் முடியும். மேலே ஏற்ற மட்டும் முடியாது. ஏற்றும் வேலையைத்தான் விரல் செய்கிறதே!

கிட்டார் வாங்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் ராகத்தோடு இந்த இயந்திரத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் நெம்புகோலும் தந்தி அதிர்வும் ஸ்பிரிங் விதியும் ஒரே பலகையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. திருப்புளியும் அளவுகோலும் சுருதிப் பெட்டியும் கையில் இருந்தால் போதும். இந்த வாரமே முதுகு மூடியைத் திறந்து பாருங்கள். பணம் செலவழிப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.